சம்ப், டேங்க், குடம்: எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பிழையில்லாமல் கணக்கிட முழு வழிகாட்டி

போன கோடையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு 9,000 லிட்டர் லாரித் தண்ணீர் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு இறங்கியதுமே சம்ப் வாய் வழியாகத் தண்ணீர் பொங்கி, வாசல் தாண்டித் தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டது. முழு லோடுக்கும் பணம் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் பெருக்கிய தாளை வாங்கிப் பார்த்தேன், பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. சம்புக்குக் குழி வெட்டியபோது கூலிக்காக எழுதி வைத்த சீட்டில் இருந்த நீளத்தையும் அகலத்தையும் அப்படியே எடுத்திருந்தார், அவ்வளவுதான்.

வீட்டு வேலைகளுக்கு அளவெடுத்துக் கணக்குப் பார்ப்பது என் தொழில். புதிதாக வரும் பையன்களும் சரி, சொந்த வீட்டுக்காரர்களும் சரி, தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: சூத்திரம் எல்லோருக்கும் தெரிகிறது, எதை அளப்பது, எந்த அலகில் எழுதுவது, எப்போது மாற்றுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அதனால் வரிசை முக்கியம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. தொடங்கும் முன்

ஒரு ஸ்டீல் டேப் (5 மீட்டர் போதும்), நீட்டிக்காத நூல் கொஞ்சம், நேரான பிவிசி குழாய் அல்லது கம்பு ஒன்று, பேனா, தாள், போனில் கால்குலேட்டர். தையல் டேப் வேண்டாம், அது நாளாக ஆக இழுபட்டுவிடும்.

டேப்பில் ஒரு ஓரம் இஞ்ச், மறு ஓரம் சென்டிமீட்டர் இருக்கும். எந்த ஓரத்தைப் படிக்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசி வரை அதையே படியுங்கள். சென்டிமீட்டர் ஓரத்தையே படியுங்கள் என்பதுதான் என் பிடிவாதம். அதற்கான காரணம் 8-ஆம் படியில் இருக்கிறது.

டேப் நுனியில் உள்ள கொக்கி லேசாக ஆடும். கெட்டுப் போய்விட்டது என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். கொக்கியின் தகடு எவ்வளவு கனமோ அவ்வளவு தூரம் அது நகரும்படிதான் செய்திருக்கிறார்கள். சுவரில் முட்டி அளந்தாலும், விளிம்பில் மாட்டி இழுத்து அளந்தாலும் அளவு ஒன்றாக வர வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று, இது கணக்கைவிடப் பெரிய விஷயம். மூடிக் கிடந்த சம்புக்குள் அளவெடுக்கவென்று தனியாக இறங்காதீர்கள். உள்ளே சுவாசிக்கும் காற்று குறைந்திருக்கலாம், இறங்குகிறவருக்கு மயங்கி விழும் வரை தெரியாது. முடிந்தவரை மேலிருந்தே அளந்துவிடுங்கள். சுத்தம் செய்யும் நாளில் ஆள் இறங்குவதாக இருந்தாலும், மோட்டார் சுவிட்சை அணைத்து, மூடியை வெகுநேரம் திறந்து போட்டு, மேலே ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறபோது மட்டும்.

2. உள் அளவை எடுங்கள்

தண்ணீர் நிற்பது சுவருக்கு உள்ளே. அதனால் குழியின் அளவு, வரைபடத்தில் சுவரையும் சேர்த்துப் போட்ட அளவு, டேங்கின் வெளி அளவு எதுவும் உதவாது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் உள் பூச்சும் சேர்ந்தால் பக்கத்துக்கு 24 செ.மீ. போய்விடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் அரை மீட்டருக்குப் பக்கம்.

ஒவ்வொரு அளவையும் மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பூச்சு ஒரு மூலையில் கனமாக இருக்கும், இன்னொரு மூலையில் மெல்லிசாக இருக்கும். மேலே சொன்ன வீட்டு சம்பைச் சுத்தம் செய்த நாளில் நான் எடுத்த அளவு: நீளம் 242, 240, 241. அகலம் 182, 180, 181. ஆக நீளம் 241 செ.மீ., அகலம் 181 செ.மீ.

இரண்டு சுவருக்கு நடுவே டேப்பை மடக்கி, மூலையில் வளைந்து நிற்கும் இடத்தைக் குத்துமதிப்பாகப் படிக்காதீர்கள். அங்கேதான் ஒன்றிரண்டு செ.மீ. தொலைகிறது. டேப் பெட்டியின் முதுகை எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்து, வாயில் தெரியும் எண்ணோடு பெட்டியின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பல டேப்களில் அந்த நீளத்தைப் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள்.

உள்ளே தூண் நின்றால் அதன் அளவையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கழிக்க வேண்டும்.

3. தண்ணீர் எந்த உயரம் வரை நிற்கும்?

ஆழம் என்றதும் எல்லோரும் தரையிலிருந்து மேல் கான்கிரீட் வரை அளந்துவிடுகிறார்கள். தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது. ஓவர்ஃப்ளோ குழாயின் கீழ் விளிம்போடு நின்றுவிடும், அதற்கு மேல் வெளியே போய்விடும். இந்தச் சம்பில் மேல் கான்கிரீட் வரை 152 செ.மீ., ஓவர்ஃப்ளோ வரை 138 செ.மீ.

கீழேயும் ஒரு கணக்கு இருக்கிறது. மோட்டாரின் ஃபுட் வால்வ் (தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடி நுனியில் இருக்கும் வால்வு) தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் தொங்கும், அதற்குக் கீழே உள்ள தண்ணீரை மோட்டார் எடுக்காது. இங்கே அது 12 செ.மீ. ஆக மூன்று எண் எழுதுங்கள்: மொத்த உயரம், தண்ணீர் நிற்கும் உயரம், மோட்டார் எடுக்காத உயரம். எதற்காகக் கணக்குப் பார்க்கிறீர்களோ அதைப் பொறுத்து எதை எடுப்பது என்று மாறும்.

சம்ப் தரையை ஒரு பக்கமாகச் சரித்துக் கட்டியிருப்பார்கள், கழுவிய தண்ணீர் ஒரு மூலைக்கு வரட்டும் என்று. அதனால் ஆழத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் எடுங்கள். இந்த அளவை எடுக்கும்போது சோம்பல் கூடாது, காரணம் உண்டு. இதே சம்பில் நீளத்தில் 1 செ.மீ. தப்பினால் 25 லிட்டர் தப்பும், அகலத்தில் தப்பினால் 33 லிட்டர், ஆழத்தில் தப்பினால் 44 லிட்டர். எந்தப் பக்கம் சிறியதோ அந்தப் பக்கத்தில் செய்யும் பிழைக்குத்தான் விலை அதிகம்.

4. பெருக்கும் முன்பே டெசிமீட்டருக்கு மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். அலகை நீளத்திலேயே மாற்றிவிட வேண்டும், பெருக்கி முடித்த பிறகு மாற்றக் கூடாது.

10 செ.மீ. என்பது 1 டெசிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறந்துபோன அலகு, யாரும் பேச்சில் சொல்வதில்லை. ஆனால் கொள்ளளவுக்கு இதைவிட வசதியானது கிடையாது, ஏனென்றால் 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள பெட்டியில் சரியாக 1 லிட்டர் பிடிக்கும். எல்லா அளவையும் டெசிமீட்டரில் எழுதிப் பெருக்கினால் விடை நேராக லிட்டரிலேயே வந்து நிற்கும். பூஜ்ஜியம் எண்ண வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது, சென்டிமீட்டர் எண்ணில் புள்ளியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளுவது மட்டும். 241 என்பது 24.1, 181 என்பது 18.1, 138 என்பது 13.8.

5. பெட்டி வடிவத் தொட்டி

நீளம் × அகலம் × உயரம். 24.1 × 18.1 = 436.21. அதை 13.8-ஆல் பெருக்கினால் 6,019.7. ஆக இந்தச் சம்ப் சுமார் 6,020 லிட்டர் பிடிக்கும்.

நடுவில் வரும் 436.21-ஐ 400 என்றோ 450 என்றோ உருட்டிவிடாதீர்கள், கடைசி விடையை மட்டும் உருட்டுங்கள். அந்த எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதியும் வையுங்கள், 9-ஆம் படியில் மறுபடி வேண்டும்.

மோட்டார் எடுக்காத அடித் தண்ணீர்: 436.21 × 1.2 = 523 லிட்டர். அதைக் கழித்தால் குழாயில் வரக்கூடியது ஏறத்தாழ 5,500 லிட்டர். தூண் இருந்தால் அதையும் இதேபோலக் கழியுங்கள்: 23 செ.மீ. சதுரத் தூண் என்றால் 2.3 × 2.3 × 13.8 = 73 லிட்டர்.

குழிச் சீட்டில் இருந்தது ஒன்பதரை அடிக்கு ஏழரை அடி. ஆழம் ஐந்தடி என்று வைத்துப் பெருக்கியதில் அந்த வீட்டுக்காரருக்கு வந்தது 10,090 லிட்டருக்குப் பக்கம். 9,000 தாராளமாகப் பிடிக்கும் என்று நம்பி லாரிக்குச் சொல்லிவிட்டார்.

6. வட்ட டேங்க்

மொட்டை மாடியில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் டேங்குக்கு வாய் சிறியது, உள்ளே டேப்பை விட்டு விட்டத்தை அளக்க முடியாது. வெளியே குறுக்காகப் பிடித்து அளந்தாலும் நடுவழியாகத்தான் போகிறதா என்று தெரியாது, கொஞ்சம் விலகினாலும் அளவு குறைந்துவிடும். அதனால் நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுங்கள்.

டேங்கின் உடம்பில் வளையம் வளையமாக மேடு பள்ளம் இருக்கும். பள்ளத்தில் ஒருமுறை, மேட்டில் ஒருமுறை சுற்றிச் சராசரி எடுங்கள். நூல் மட்டமாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் தாழ்ந்தால் சுற்றளவு கூடிவிடும்.

ஒரு டேங்கில் எனக்குக் கிடைத்தது 345 செ.மீ. அதை 3.1416-ஆல் வகுத்தால் வெளி விட்டம் 109.8. பிளாஸ்டிக்கின் கனம் பக்கத்துக்கு அரை செ.மீ., இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 1 கழித்தால் உள் விட்டம் 108.8 செ.மீ. அதாவது 10.88 டெசிமீட்டர்.

இனி ஆரம். விட்டத்தில் பாதி, 5.44. அடிப் பரப்பு 3.1416 × 5.44 × 5.44 = 93 (இன்னும் நுணுக்கமாக 92.97). ஓவர்ஃப்ளோ வரை உயரம் 105 செ.மீ., அதாவது 10.5. பெருக்கினால் 976 லிட்டர்.

ஆரத்தை வைக்க வேண்டிய இடத்தில் விட்டத்தை வைத்துவிடுவது, நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் பிழை. விடை நான்கு மடங்காகிவிடும், இந்த டேங்குக்கு 3,900 என்று காட்டும். இரண்டு மடங்குதானே ஆகும் என்று நினைக்கிறார்கள். ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, அதனால் நான்கு. இது அடிக்கடி குழப்புகிறதென்றால் ஆரத்தையே விட்டுவிட்டு விட்டம் × விட்டம் × 0.7854 என்று போடுங்கள், அதே பரப்பு வரும்.

உறைக்கிணறுக்கும் இதே வழிதான். உள் விட்டம் நாலு அடி உறை என்றால் சுமார் 122 செ.மீ., ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏறத்தாழ 1,170 லிட்டர்.

7. வாளி, குடம், படுத்த பீப்பாய்

வாளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். மேல் உள் விட்டம் 30, கீழ் உள் விட்டம் 22, உயரம் 28 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விட்டத்துக்கும் சராசரி 26. அதை வைத்துப் போட்டால் 2.6 × 2.6 × 0.7854 × 2.8 = 14.87 லிட்டர். கூம்பின் துண்டுக்கான முழுச் சூத்திரத்தைப் போட்டால் 14.98 வரும். வித்தியாசம் ஒரு டம்ளர்கூட இல்லை, வீட்டுக் கணக்குக்குச் சராசரி போதும். ஆனால் வாய் மிக அகன்று, அடி மிகக் குறுகி இருக்கும் பாத்திரங்களுக்கு இந்தச் சராசரி கணிசமாகக் குறைத்துக் காட்டும், அங்கே பயன்படுத்தாதீர்கள்.

குடத்துக்குச் சூத்திரமே வேண்டாம். வயிறு ஒரு வளைவு, கழுத்து ஒரு வளைவு, அளந்து மாளாது. காலிக் குடத்தைத் தராசில் வைத்து எடை பாருங்கள், நிரப்பி மறுபடி பாருங்கள், கூடிய கிலோ எவ்வளவோ அவ்வளவு லிட்டர். நம் ஊர் வெயிலில் 30 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்கு 996 கிராம் அளவில்தான் நிற்கும், அந்த 4 கிராம் குடத்துக்குப் பொருட்டில்லை. எண்ணெய்க்கும் பாலுக்கும் இந்த வழி சரிவராது. எண்ணெய் லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு, பால் கொஞ்சம் கூட.

படுக்க வைத்த பீப்பாயில் ஒரு பொறி இருக்கிறது. பாதி உயரத்துக்கு இருந்தால் பாதித் தண்ணீர் என்பது சரி. கால் உயரத்துக்கு இருந்தால் கால் பங்கு என்று எண்ணிவிடாதீர்கள், 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அடி குறுகலாக இருப்பதால்தான்.

8. அலகு மாற்றம்: பூஜ்ஜியம் எங்கே தொலைகிறது?

டெசிமீட்டரிலேயே போனால் இதற்கு வேலை குறைவு. ஆனால் சீட்டிலும் ரசீதிலும் வேறு அலகில் இருக்கும் என்பதால் தெரிந்துகொள்ள வேண்டும்.

1 மீட்டர் என்பது 100 செ.மீ. அதனால் 1 கன மீட்டர் என்பது 100 கன செ.மீ. என்று கை தானாக எழுதிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறு நூறாக மாறுகின்றன, ஆகவே 100 × 100 × 100, அதாவது 10 லட்சம் கன செ.மீ. இதில் 1,000 கன செ.மீ. சேர்ந்தால் 1 லிட்டர். ஆகையால் 1 கன மீட்டர் 1,000 லிட்டர். தண்ணீர் ரசீதில் கிலோலிட்டர் என்று இருப்பதும் இதே ஒரு கன மீட்டர்தான். 1 மில்லிலிட்டர், 1 கன செ.மீ., ஊசி மருந்தில் சொல்லும் 1 சிசி, மூன்றும் ஒன்று.

சோதித்துப் பார்க்க அதே சம்பை மூன்று விதமாகப் போடுங்கள். செ.மீ.-இல் 241 × 181 × 138 = 60,19,698 கன செ.மீ., 1,000-ஆல் வகுத்தால் 6,019.7 லிட்டர். மீட்டரில் 2.41 × 1.81 × 1.38 = 6.02 கன மீட்டர், 1,000-ஆல் பெருக்கினால் அதே 6,020. எண்கள் மாறவில்லை, புள்ளி மட்டும் நகர்கிறது. செ.மீ. கணக்கை 100-ஆல் வகுத்தவருக்கு 60,197 லிட்டர் வரும். பத்து மடங்கு, நூறு மடங்கு என்று விடை ஓடினால் அளவெடுப்பைச் சந்தேகிக்காமல் அலகு மாற்றத்தை முதலில் பாருங்கள். ஒரு எண் மீட்டரிலும் இரண்டு எண் செ.மீ.-இலும் கலந்து நிற்கிறதா என்பதையும்.

அடிக் கணக்கு இன்னும் ஆபத்தானது. மேஸ்திரி "ஏழு அடி பத்து இஞ்ச்" என்பார், பையன் 7.10 என்று எழுதுவான், கால்குலேட்டருக்கு அது 7.1. அடிக்கு 12 இஞ்ச், ஆகவே பத்து இஞ்ச் என்பது 10-ஐ 12-ஆல் வகுத்த 0.83. உண்மையான அளவு 7.83 அடி, அதாவது 239 செ.மீ. எழுதியது 216 செ.மீ. ஒரு எழுத்தில் 22 செ.மீ.க்கு மேல் சுவர் உள்ளே வந்துவிட்டது! ஐந்தரை அடியை 5.6 என்று எழுதுவதும் இதே வகை, 5 அடி 6 இஞ்ச் என்பது 5.5. இதனால்தான் செ.மீ. ஓரத்தைப் படியுங்கள் என்கிறேன். வேறு வழியில்லை என்றால் எல்லாவற்றையும் இஞ்சாக்கி, 2.54-ஆல் பெருக்கிச் செ.மீ. ஆக்கிவிட்டு, பிறகு தொடங்குங்கள்.

கன அடியில் விடை வந்துவிட்டால் 28.317-ஆல் பெருக்கினால் லிட்டர். செய்தியில் வரும் டிஎம்சியும் கன அடிதான், நூறு கோடி கன அடி, லிட்டரில் சுமார் 2,832 கோடி.

9. ஒரு செ.மீ.க்கு எத்தனை லிட்டர்?

நேர் சுவர் உள்ள எந்தத் தொட்டிக்கும் இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடித்து வைத்தால் மறுபடி பெருக்கவே வேண்டியதில்லை. அடிப் பரப்பை டெசிமீட்டரில் எடுத்தோம் அல்லவா, அதைப் பத்தால் வகுங்கள். சம்புக்கு 43.6 லிட்டர், மாடி டேங்குக்கு 9.3 லிட்டர்.

நேரான பிவிசி குழாயில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 436, 872, 1,309 என்று அழியாத மையில் எழுதிக்கொள்ளுங்கள். குழாயின் அடி வாயை அடைத்துவிட்டுத் தரை தொடும் வரை நிறுத்தி எடுத்தால், நனைந்த கோடு இப்போது எத்தனை லிட்டர் இருக்கிறது என்று சொல்லிவிடும். லாரிக்குச் சொல்லும் முன் இதைப் பாருங்கள், எவ்வளவு காலி என்பதுதான் அங்கே கேள்வி.

மருந்து போடவும் இதே எண்தான். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று சொல்லியிருந்தால் நிரம்பிய சம்புக்கு 24 கிராம். குழிச் சீட்டுக் கணக்கை நம்பினால் 40 கிராம் விழுந்திருக்கும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், அது கன மீட்டருக்கு அத்தனை கிராம்.

மழைக்கும் ஒரு சுருக்கம்: ஒரு சதுர மீட்டர் மாடியில் 1 மி.மீ. மழை 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர், 60 மி.மீ. பெய்தால் 5,570 லிட்டர் இறங்குகிறது. கொஞ்சம் சிந்தினாலும் சம்ப் கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

10. தண்ணீரை வைத்தே சரிபாருங்கள்

தாளில் வந்ததைத் தண்ணீர் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். மாடி டேங்கைக் காலி செய்து, சம்பில் குழாயை நிறுத்தி மட்டத்தைக் குறியுங்கள். மோட்டாரைப் போட்டு டேங்க் நிரம்பும் வரை ஏற்றி, அணைத்ததும் மறுபடி மட்டத்தைப் பாருங்கள். இந்த நேரத்தில் சம்புக்குள் வேறு தண்ணீர் வரக் கூடாது, வீட்டில் யாரும் குழாயைத் திறக்கவும் கூடாது.

976-ஐ 43.6-ஆல் வகுத்தால் 22.4. சம்ப் மட்டம் 22 செ.மீ.க்குப் பக்கத்தில் இறங்கியிருக்க வேண்டும். டேங்கின் வெளியேறும் குழாய்க்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தால் அந்த அளவுக்குக் குறைவாக இறங்கும். அன்று நாங்கள் பார்த்தபோது இருபத்தொன்றரை வந்தது, டேங்கின் அடியில் 4 செ.மீ. அளவுக்குப் பழைய தண்ணீர் இருந்தது, அதைச் சேர்த்தால் கணக்கு ஒத்துப்போகிறது.

15-க்கும் கீழே அல்லது 30-க்கும் மேலே காட்டினால் இரண்டில் ஒரு தொட்டியின் அளவு தப்பு. முதலில் வட்ட டேங்கின் சுற்றளவை மறுபடி எடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது சரியென்றால் சம்பின் உள் அளவு.

ஒத்துப்போனதும் சம்ப் மூடியின் உள்பக்கத்தில் பெயின்ட்டால் இரண்டு எண்ணை எழுதிவிடுங்கள்: 6,020 லி., 1 செ.மீ. = 43.6 லி. அடுத்த முறை லாரி வந்து மூடியைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் கண்ணில் படும்.